ஓட்டோ கிராம்மல் பாடாத பாட்டு

ஓட்டோ கிராம்மல் பாட வருவதற்கு முன்னால், பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியில் பச்சைப் பூண்டை நறுக்கிப் போட்டுத் தின்றுவிட்டுத்தான் வருவார். தொண்டைக்கு நல்லதாம். எங்கள் ஒலிப்பதிவு அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் கம்பளம். பதினாறு கோரஸ்காரர்கள் தோளோடு தோள் உரசி நிற்கிற இடத்தில் அந்த நெடி யாரையும் விட்டுவைக்காது. பியானோ வாசிக்கும் எனக்கு நேர் பின்னால் அவருடைய இடம். ஒன்பது வருஷம் அவர் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது.

குரல் மோசமில்லை. வியன்னாவில் எந்த மதுக்கடையில் நுழைந்தாலும் மேல்ஸ்தாயியில் பாடுகிற அப்படி ஒரு டெனர் குரல் மூலையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கும். பகலில் அவருக்கு வீடுவீடாகப் போய் கேஸ் மீட்டர் படிக்கிற வேலை. தோல் பையும் கைவிளக்குமாக மாடி மாடியாக ஏறி இறங்குவார். மனைவி ஹெர்மினே ஒரு தொப்பிக்கடையில் தைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இல்லை. ஓட்டோவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ரெக்கார்டின் நடுவில் ஒட்டுகிற வட்டக் காகிதத்தில் ஒரு தடவையாவது தன் பெயர் அச்சாகிவிட வேண்டும். கோரஸ்காரர்களின் பெயரை யாரும் அச்சடிப்பதில்லை.

அச்சாகிற பெயர் ஆர்னோல்ட் லண்டாவ். அந்த நாளில் எங்கள் ஊரில் ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பாட ஆரம்பித்தால், ரேடியோ இருக்கிற வீட்டுக்காரர்கள் இல்லாத வீட்டுக்காரர்களுக்காக ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். பார்க்க ஆள் சுமார்தான். குள்ளம், வழுக்கை, கொஞ்சம் தொப்பை. மைக் எட்டாது என்று ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று பாடுவார். அவர் பாடிய ஆப்பரெட்டா பாட்டு நாடகங்கள் சினிமாவாக வந்தபோது, உயரமாக, சுருட்டை முடியோடு ஒரு நடிகன் படகில் நின்று வாயசைத்தான். குரல் மட்டும் லண்டாவுடையது. பெண்கள் நடிகனின் படத்தை வாங்கினார்கள். ரெக்கார்டை வாங்கும்போது லண்டாவைக் கேட்டு வாங்கினார்கள்.

அந்தப் படங்களில் ஒன்றில் வந்ததுதான் கஷ்கொட்டைக்காரி பாட்டு. குளிர்காலத் தெருமுனையில் கஷ்கொட்டை சுட்டு விற்கிற பெண்ணிடம் ஒருவன் தினமும் வாங்கித் தின்று, கடைசியில் தன் மனசைச் சொல்கிறான். அவ்வளவுதான் கதை. கடைசி வரியில் ஸ்வரம் உச்சிக்குப் போகும். அதற்குச் சற்று முன்னால் லண்டாவ் ஒரு மூச்சு எடுப்பார். சிரிப்பு வந்து, அதை விழுங்கிக்கொண்ட மாதிரி இருக்கும். ஊரில் குழந்தைகள்கூட அதைச் செய்து காட்டும்.

1936இல் அந்தப் பாட்டைப் பதிந்த அன்று ஓட்டோ ஒரு தாளம் முந்திக்கொண்டு வாயைத் திறந்துவிட்டார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. பாட்டைப் பதிகிற மெழுகுத் தட்டுகள் மூன்று வீண். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேலாளர் கோட்டிங்கர் பாய்ந்து வந்தார்.

"எவன்டா அது? எவன் முந்திக்கிட்டுக் கத்தறது? இப்பவே வெளிய போ!"

என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றுபோனது. லண்டாவ் பெட்டி மேல் நின்றபடியே கையைத் தூக்கினார்.

"என் தப்புங்க. நான்தான் தலைய ஆட்டினேன். அதப் பாத்து, ஆரம்பிக்கச் சொல்றேன்னு நெனச்சுட்டாங்க, பாவம்."

லண்டாவின் தலை அசையவே இல்லை. எனக்குத் தெரியும், கோட்டிங்கருக்கும் தெரியும். ஆனால் லண்டாவை யார் வெளியே போகச் சொல்ல முடியும்? இடைவேளையில் ஓட்டோ தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நன்றி சொல்லப் போனார்.

"நன்றியெல்லாம் எதுக்கு?" என்றார் லண்டாவ். "நாளையிலேர்ந்து அந்தப் பூண்ட மட்டும் கொஞ்சம் கொறச்சுக்குங்க. என் குரல விட உங்க மூச்சு ஒசரமாப் போகுது."

எல்லோரும் சிரித்தோம். ஓட்டோவும் சிரித்தார். மறுநாள் பூண்டு இல்லை. வெங்காயம் தின்றுவிட்டு வந்தார்.

இரண்டு வருஷம் கழித்து மார்ச் மாதத்தில் ஜெர்மன் படை எங்கள் ஊருக்குள் வந்தது. வந்தது என்று சொல்வதே பொய். பூங்கொத்தோடு போய் அழைத்துக்கொண்டு வந்தோம். யூதர்களைப் பிடித்துத் தெருவைத் தேய்க்க வைத்த அந்த வாரத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு நான் வேலைக்குப் போகிற வழியில், காப்பிக்கடை வாசலில் கூட்டம். கையில் நாஜிப் பட்டை கட்டிய நான்கு பேர் நடுவில் நின்றார்கள். நல்ல ஒட்டகமயிர்க் கோட்டு போட்ட ஒரு குள்ள மனிதர் முழங்காலிட்டு, நடைபாதையில் யாரோ சுண்ணாம்பால் எழுதியிருந்த பழைய அரசாங்கத்துக் கோஷத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீரில் சலவைக் காரத்தைக் கலந்திருந்தார்கள். கை இரண்டும் தோலுரிந்த மாதிரி சிவந்திருந்தது. அது லண்டாவ் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவரை மேலிருந்து பார்த்து எனக்குப் பழக்கமில்லை.

"டேய் லண்டாவ்! கஷ்கொட்டைக்காரிய எடுத்து விடுடா!" என்று ஒருவன் கத்தினான்.

அவர் நிமிரவில்லை. பட்டை கட்டியவன் ஒருவன் வாளியை உதைத்தான். தண்ணீர் அவர் கால்சட்டையில் கொட்டியது. "பாடுன்னா பாடு!"

பாடினார். முழங்காலில் நின்றபடி, பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி, பாதிப் பாட்டு. குரலில் ஒரு கீறல்கூட இல்லை. கூட்டம் அடங்கிப்போனது. முன்வரிசையில் பால்கடை பொகோர்னியம்மா நின்றிருந்தாள். லண்டாவ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படத்தை வெண்ணெய்த் தட்டுக்கு மேலே வருஷக்கணக்காக மாட்டி வைத்திருந்தவள். ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆயிரம் சொல்லுங்க, குரலு குரலுதான்" என்றாள். அடுத்த மூச்சில், "இந்தா, அந்த மூலைல வெள்ளை இன்னும் போகல பாரு" என்று செருப்பு நுனியால் காட்டினாள்.

பிற்பாடு போரில் எவ்வளவோ பார்த்தேன். வெயிலில் கிடந்த பிணங்களைத் தாண்டி நடந்திருக்கிறேன். அந்தச் செருப்பு நுனியை நினைத்தால் குமட்டுகிற மாதிரி வேறு எதை நினைத்தாலும் குமட்டுவதில்லை.

விளக்குக் கம்பத்தருகில் ஓட்டோ நின்றிருந்தார், தோல் பையோடு. லண்டாவ் மூலையைத் தேய்க்கத் திரும்பியபோது முகம் எங்கள் பக்கம் வந்தது. ஓட்டோ சட்டென்று பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் குனிந்து, அவிழாத செருப்பு வாரை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் லண்டாவ் ரயிலேறி பிராக் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். அவர் பாட்டு ரேடியோவில் நின்றது. கடைகளில் அவர் ரெக்கார்டை விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டு ஜனங்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். கோட்டிங்கர் ஓட்டோவைக் கூப்பிட்டார். கோரஸிலேயே லண்டாவ் மாதிரி பாடுகிறவர் ஓட்டோதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதே வாத்தியக்குழு, அதே பாட்டு, பாடுகிற ஆள் மட்டும் வேறு என்பது திட்டம்.

மூன்று நாள் முயன்றோம். முதல் இரண்டு சரணம் தேவலை. அந்த விழுங்கின சிரிப்பு வர வேண்டிய இடத்தில் ஓட்டோவுக்கு விக்கல் மாதிரி ஏதோ வந்தது. உச்ச ஸ்வரம் ஒவ்வொரு தடவையும் பிளந்தது. பன்னிரண்டாவது மெழுகும் வீணானதும் கோட்டிங்கர் வாத்தியக்காரர்களை வீட்டுக்கு அனுப்பினார். அறையில் அவரும் ஓட்டோவும் நானும்தான். அலமாரியிலிருந்து லண்டாவின் பழைய ரெக்கார்ட் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். ஈரப் பஞ்சை நடுக் காகிதத்தில் கொஞ்ச நேரம் அழுத்தி, கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். காகிதம் அழுக்கு மாதிரி திரண்டு வந்தது.

"இப்ப இது யாரோடது?"

"லண்டாவ் சாரோடது" என்றார் ஓட்டோ.

"எங்க எழுதியிருக்கு, காட்டு."

ஓட்டோ என்னைப் பார்த்தார். நான் பியானோ கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"குடோன்ல எட்டாயிரம் கிடக்கு, கிராம்மல். அச்சு வேற பத்திரமா இருக்கு. உன் பேரப் போட்டு வெளிய விட்டுடறேன்."

"ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்களே, சார்."

"கண்டுபிடிச்சு? போலீசுக்குப் போயி, அய்யா, நான் அந்த யூதன் குரல மூச்சு முதக்கொண்டு மனப்பாடமா வெச்சிருக்கேன், இது அவனேதான்னு புகார் குடுப்பானா எவனாவது?"

கோட்டிங்கர் பேனாவை நீட்டினார். "நீ மாட்டேன்னா அந்த ரெண்டாம் வரிசை ஷிண்ட்லரைக் கேக்கறேன். அவனுக்கு ஓசையே வராது. அதனால என்ன?"

ஓட்டோ கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஹெர்மினே எங்களுக்கெல்லாம் ஆப்பிள் பணியாரம் கொண்டுவந்தாள். தன் புருஷன் பாடித்தான் ரெக்கார்ட் வருகிறது என்று அன்று அவள் நம்பியிருக்கலாம், வீட்டில் ஒருமுறை போட்டுக் கேட்கும் வரைக்கும். லேபிளின் மாதிரிக் காகிதம் சரிபார்க்க என்னிடம் வந்தது. கிராம்மல் என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. சிவப்புப் பென்சிலால் நான்தான் திருத்தினேன்.

அதற்கப்புறம் அசிங்கம் ஆறாகப் பெருகியது. ரேடியோவில் 'நேயர் விருப்பம்' வந்தால் ஓட்டோ கிராம்மல். சிப்பாய்களுக்கு அனுப்புகிற பெட்டியில் ஓட்டோ கிராம்மல். கறுப்புக் கோட்டும் பட்டுக் கழுத்துப்பட்டையுமாக அவர் படம் பத்திரிகையில் வந்தது. மீட்டர் வேலையை விட்டார். ஹெர்மினேவின் தோளில் நரித்தோல் ஏறியது. பொகோர்னியம்மா வெண்ணெய்த் தட்டுக்கு மேலே பழைய சட்டத்தில் புதுப் படத்தை மாட்டினாள். ஒரு நாள் நானும் அவரும் அந்தக் கடைக்குள் போனபோது, வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"என்ன இருந்தாலும் உங்க குரல்ல ஒரு சுத்தம் இருக்குங்க, கிராம்மல் சார். முன்ன ஒருத்தன் பாடினான் பாருங்க, அது ஏதோ எண்ணெய் பூசின மாதிரி இருக்கும். அந்த மூச்சு எடுக்கறீங்களே, அட அட! அது அவனுக்கு வரவே வராது."

வரிசையில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்துப் பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் முகத்திலாவது ஒரு சின்னக் கோணல் தெரியுமா என்று தேடினேன். இல்லை. ஓட்டோ அரைக் கிலோ தயிர்க்கட்டி வாங்கிக்கொண்டு, தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

மேடைக்கு யாராவது கூப்பிட்டால் முதலில் தொண்டைக் கட்டு என்று தப்பித்துக்கொண்டிருந்தார். போர் முற்றியதும் அது நடக்கவில்லை. தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பாட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கோட்டிங்கர் ஒரு வழி செய்தார். திரைக்குப் பின்னால் மின்சார கிராமபோன், பெரிய ஒலிபெருக்கி. திரைக்கு முன்னால் ஓட்டோ. சினிமாவில் அந்தச் சுருட்டை முடிக்காரன் செய்த வேலைதான். முள்ளை வைப்பது நான். வாயசைப்பில் ஓட்டோ தேறிவிட்டார். எங்கே தொண்டை நரம்பு புடைக்க வேண்டும் என்பது வரை கற்றுக்கொண்டார்.

1944 வசந்தத்தில், வியன்னாவின் ஓரத்தில் ஃபுளோரிட்ஸ்டோர்ஃபில் ஒரு எஞ்சின் தொழிற்சாலையில், மதியச் சாப்பாட்டு வேளை. முன்னூறு பேர் டர்னிப் சூப்புக் கிண்ணத்தோடு பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். முட்டைக்கோசும் கிரீஸும் நனைந்த கம்பளியும் கலந்து ஒரு வாடை. இரண்டாவது சரணத்தின் நடுவில் மின்சாரம் போய்விட்டது. குரல் இழுத்துக்கொண்டே கீழே இறங்கி, மாட்டுக் குரலாகி, நின்றது. அரையிருட்டில் ஓட்டோ வாயைத் திறந்தபடி நின்றார்.

அப்புறம் அவர் பாடினார். சொந்தக் குரலில். ஸ்வரத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, விட்ட இடத்திலிருந்து எடுத்தார். உண்மையைச் சொன்னால் நன்றாகவே இருந்தது. மீட்டர் படிக்கிறவன் மாடிப்படியில் தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி, ஒரு பூச்சும் இல்லாமல் வந்தது. திரைக்குப் பின்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு வரி பாடியிருப்பார். பின் பெஞ்சிலிருந்து ஒரு கிழட்டுக் குரல், கோபமே இல்லாமல், அலுத்துக்கொண்ட மாதிரி வந்தது:

"போதும் விடுப்பா. அவரப் பாட விடு."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபோர்மேன் எழுந்து, "இருங்க இருங்க, கரண்ட் இப்ப வந்துடும்" என்றார். முன்னூறு பேரும் சூப்பை உறிஞ்சிக்கொண்டு காத்திருந்தார்கள். ஓட்டோவும் காத்திருந்தார், கைகளைக் கோத்துக்கொண்டு. மின்சாரம் வந்தது. நான் முள்ளை முதலிலிருந்து வைத்தேன். லண்டாவ் பாடினார், ஓட்டோ வாயசைத்தார், உச்ச ஸ்வரம் முடிந்ததும் கூரை அதிரக் கை தட்டினார்கள்.

வெளியே மரப்பெட்டிகளுக்குப் பின்னால் ஓட்டோ வாந்தியெடுத்தார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"எல்லாருக்கும் தெரியும், கிசெலா. மொதல் நாள்லேர்ந்தே தெரிஞ்சிருக்கு."

"தெரியாம எப்படிங்க இருக்கும்?"

"அப்ப எதுக்குக் கை தட்டறாங்க? என்னைக் காறித் துப்ப வேண்டியதுதானே?"

அன்றே கோட்டிங்கரிடம் போய், இனிமேல் பாட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். கோட்டிங்கர் தலையைக்கூட நிமிர்த்தவில்லையாம். "நீ எப்படா பாடின, நிறுத்தறதுக்கு?" என்று கேட்டாராம். அடுத்த வாரம் வேறொரு தொழிற்சாலையில் ஓட்டோ மேடையேறினார். ஏறாமல் இருந்திருக்கலாம். ஏறினார்.

போர் முடிந்தது. லண்டாவ் பிராக்கிலிருந்து பிரான்சுக்குப் போய், தெற்கே ஒரு தடுப்பு முகாமில் வைக்கோல் மேல் படுத்து, 1941 குளிர்காலத்தில் நிமோனியாவில் இறந்திருந்தார். அது எங்களுக்கு மெதுவாகத்தான் தெரியவந்தது. கோட்டிங்கர் ஒரு வருஷம் தலைமறைவாக இருந்துவிட்டு அதே நாற்காலிக்குத் திரும்பினார். 1948இல் லண்டாவின் தங்கை கிளாரா லண்டனிலிருந்து வந்தாள். அவளிடம் அண்ணனின் ஒரு ரெக்கார்டுகூட இல்லை. கோட்டிங்கர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அண்ணனோட அச்செல்லாம் கண்ணுல வெச்சுக் காப்பாத்தினேன்மா" என்றார். அது பொய்யும் இல்லை. லண்டாவ் நினைவுப் பதிப்பு என்று எல்லாவற்றையும் மறுபடி அச்சடித்தார். மறுபடியும் லேபிளின் மாதிரிக் காகிதம் என்னிடம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நினைவுக் கூட்டம். மேடையில் படம், லில்லிப்பூ, கிராமபோன், பியானோவில் நான். முதல் வரிசையில் கிளாரா. இரண்டாவது வரிசையில் பொகோர்னியம்மா, கறுப்பு உடையில். கஷ்கொட்டைக்காரி ஒலித்தபோது அந்த மூச்சு வந்த இடத்தில் அவள் விம்மியது மேடை வரை கேட்டது. "எங்க பிள்ளை! எங்க வீட்டுப் பிள்ளை!" என்று பக்கத்துச் சீட்டுக்காரியின் தோளில் சாய்ந்தாள்.

'அன்னாரோடு பாடிய நண்பர்' என்று நிகழ்ச்சி நிரலில் ஓட்டோவின் பெயரையும் கோட்டிங்கர் போட்டிருந்தார். பழசை யாரும் கிளற மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். ஓட்டோ தொளதொளவென்று தொங்கிய பழைய கறுப்புக் கோட்டில் வந்தார். காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை.

"இந்த ரெக்கார்ட் ஏழு வருஷம் என் பேர்ல இருந்துச்சு" என்று ஆரம்பித்தார். "நான் பாடல. இவருதான் பாடினாரு. உங்களுக்கு எல்லாம் தெரியும். ஒரு தடவ என் வேலையக் காப்பாத்தறதுக்காக என் தப்பத் தன் தப்புன்னு சொன்னவரு. அவரத் தெருவுல முட்டி போட வெச்சாங்க. நான் நின்னு பாத்தேன். இங்க இருக்கறவங்கள்லயும் சில பேரு..."

அரங்கத்தில் செருப்புகள் தரையில் உரசின. "சீ!" என்றது ஒரு குரல். "எங்க வந்து என்ன பேசறான் பாரு!" பொகோர்னியம்மா எழுந்தே விட்டாள். "செத்தவருக்கு மரியாத செய்யற எடத்துல இப்படியா? வெக்கமா இல்ல உனக்கு? அவரு பேர்ல இத்தன வருஷம் தின்னது நீதானேய்யா!"

அது உண்மைதான். அதனால்தான் அது அவ்வளவு நன்றாக எடுபட்டது. எல்லோரும் சீச்சீ என்றார்கள். பத்து வருஷம் தொண்டையில் சிக்கியிருந்த அருவருப்பு முழுவதையும் ஒரே ஆள் மேல் துப்ப அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. ஓட்டோ பேச்சை நிறுத்தவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. கோட்டிங்கர் பக்கவாட்டிலிருந்து என்னைப் பார்த்து, விரல்களை மேஜை மேல் தட்டுகிற மாதிரி சைகை காட்டினார்.

நான் வாசித்தேன். லண்டாவ் பாடிய இன்னொரு ஆப்பரெட்டாவின் வால்ட்ஸ் நடனப் பாட்டு. முதலில் மெதுவாக, அப்புறம் பெடலை அழுத்தி. ஓட்டோவின் குரல் அதற்குள் அமுங்கிப்போனது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார், இறங்கி நடு வழியில் நடந்து வெளியே போனார்.

கூட்டம் முடிந்ததும் கிளாரா பியானோவிடம் வந்தாள்.

"அவர் பேசறப்ப ஏங்க வாசிச்சீங்க? நான் கேட்டுட்டு இருந்தேனே."

"சைகை வந்துச்சும்மா. கை தன்னால போயிடுச்சு."

அவள் என் கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலை எட்டரைக்கு நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

ஓட்டோவைக் கேஸ் கம்பெனியில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. கோயில் பாடகர் குழுவில், கொஞ்ச காலம் போகட்டும் என்றார்கள். பால்கடையில் அவருக்குப் பால் தீர்ந்துவிட்டது என்றார்கள். ஹெர்மினேவின் அக்கா லின்ஸ் நகரத்தில் இருந்தாள். அங்கே போய் ஒரு செருப்புக் கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலையில் சேர்ந்தார். 1957இல், வேலையில் இருக்கும்போதே மாரடைப்பு. ஹெர்மினே எனக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருஷமும் வீட்டில் ரேடியோ வைக்க அவர் விடவில்லை என்றும், பக்கத்து வீட்டில் பாட்டுப் போட்டால் தொப்பியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார் என்றும் எழுதியிருந்தாள். சவ அடக்கத்துக்கு எட்டுப் பேர் வந்தார்களாம். அதில் கிடங்கில் கூட வேலை செய்த இரண்டு பேர், பாட்டுச் சத்தத்துக்குத் திரும்பியே பார்க்காத அவருக்குக் காது கேட்காது என்றே நினைத்திருந்தார்களாம்.